செம்பட்டை, பெராக்சைடு, தேங்காய் எண்ணெய்: முடிக்குக் காவல் வந்த கதை

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பிள்ளையின் தலையைப் பார்த்து "செம்பட்டை" என்று சொன்னால் அது திட்டுவது மாதிரிதான். தலைக்கு எண்ணெய் வைக்க ஆள் இல்லை, வெயிலில் அலைகிறது, சரியான சாப்பாடும் இல்லை என்று மூன்று குற்றச்சாட்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். (மூன்றாவதில் மருத்துவ உண்மையும் உண்டு. புரதச்சத்து குறைந்த குழந்தைகளின் முடி வெளிறிப் போவது மருத்துவப் புத்தகங்களில் உள்ள விஷயம்.) இப்போது அதே செம்பட்டைக்கு "காப்பர் பிரவுன்" என்று பெயர் வைத்து, ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள் :)

கறுப்பு முடியைச் செம்பட்டை ஆக்குவது பெரிய வித்தை இல்லை. அது 19-ம் நூற்றாண்டிலேயே தெரிந்த வேலை. ஆக்கிய பிறகு அது தேங்காய் நார் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை. அதற்காக இந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர்கள் என்னென்ன செய்தார்கள், அதில் எது உண்மையில் வேலை செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வேதியியலில் ஆரம்பித்துக் கோர்ட், ஷேர் மார்க்கெட் வரை போகிறது.

முதலில் முடியைப் பற்றி நாலு வரி. தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத பொருள். தோலில் பட்ட காயம் ஆறுவது போல முடியில் பட்ட காயம் ஆறாது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே கட்டிப் போட்டிருப்பவை கந்தகப் பிணைப்புகள். இதற்கு மேல் ஓட்டுக்கூரை வேய்ந்தது போலச் செதில்கள், செதில்களுக்கு மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு இருக்கும் வரை முடி வழுவழுவென்று இருக்கும், தண்ணீர் எளிதில் உள்ளே போகாது.

பிளீச் செய்யும்போது நடப்பது இதுதான். காரத் தன்மையுள்ள கலவை செதில்களைத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே புகுந்து மெலனின் என்ற கறுப்பு நிறமியை உடைக்கிறது. வேகம் போதாவிட்டால் பர்சல்பேட் உப்புத் தூள் சேர்ப்பார்கள். பிரச்சினை என்னவென்றால், பெராக்சைடுக்கு எது மெலனின், எது கெரட்டின் என்று ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. சாதாரண பிளீச்சிலேயே கந்தகப் பிணைப்புகளில் 15 முதல் 25 சதவீதம் போய்விடுகிறது. கடுமையான பிளீச்சில் 45 சதவீதம் வரை போகலாம். போனவை வேறொரு அமிலமாக மாறிவிடுவதால் அவை தாமாகத் திரும்பிச் சேர்வதில்லை. மேலே இருந்த கொழுப்புப் பூச்சும் காலி. சிக்கு விழுவது, சீப்பில் அறுவது, ஈரத்தில் ரப்பர் போல இழுபடுவது எல்லாம் இதன் விளைவு.

நம் ஊர்த் தலைக்கு இது இன்னும் மோசம். ஐரோப்பியரின் இளம்பழுப்பு முடியைப் பொன்னிறமாக்க ஒரு தடவை போதும் என்றால், நம்முடைய அடர்கறுப்புக்கு இரண்டு, மூன்று தடவை தேவைப்படலாம். ஆக, முடிக்குக் காவல் என்பது பாரீஸைவிடப் புதுக்கோட்டைக்குத்தான் அதிகம் தேவை.

பாரீஸ் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடை 1818-ல் கண்டுபிடித்தவர் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். முடியை வெளுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று ஊரறியக் காட்டியது 1867-ல் நடந்த பாரீஸ் கண்காட்சியில். கறுப்புச் சாயத்தின் உயிர்நாடியான பிபிடி (பாரா பினைலீன் டையமின்) முடிச்சாயமாகக் காப்புரிமை பெற்றதும் 1883-ல் பாரீஸில்தான். 1907-ல் யூஜின் ஷூலர் என்ற இளம் வேதியியலாளர் தன் வீட்டிலேயே ஒரு சாயம் தயாரித்து அங்கிருந்த முடிதிருத்துநர்களிடம் விற்கத் தொடங்கினார். 1909-ல் கம்பெனி பதிவு செய்தார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் "முடிக்கான தீங்கற்ற சாயங்களின் பிரெஞ்சு நிறுவனம்". இன்று அதற்குப் பெயர் லோரியல்.

பெயரிலேயே "தீங்கற்ற" என்று போட்டது கவனிக்க வேண்டிய விஷயம். அந்தக் காலத்து முடிச்சாயங்களில் ஈயமும் வெள்ளி உப்பும் இருந்தன. வாடிக்கையாளருக்கு நிறத்தைவிட முதலில் விற்க வேண்டியிருந்தது தைரியத்தை. வணிகவியல் மாணவர்கள் பிராண்டிங் பற்றிப் படிக்கும்போது இந்தப் பெயரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

(புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்தப் பாரீஸ் அவ்வளவு அந்நியமும் இல்லை. ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை 1915-ல் மணந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், சமஸ்தானத்தை விட்டு வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928-ல் காலமானது பாரீஸில்தான். ஷூலரின் கம்பெனி அங்கே வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.)

முடிச்சாயத்தில் "பாதுகாப்பு" என்பது சட்டமாக மாறியது அமெரிக்காவில். காரணம் முடி இல்லை, கண். 1933 வாக்கில் அங்கே லாஷ் லூர் என்று இமைக்கும் புருவத்துக்கும் போடும் கறுப்புச் சாயம் விற்றது. அதில் இருந்ததும் பிபிடி குடும்பத்துச் சரக்குதான். அதைப் போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தே போனார். அப்போது அமெரிக்க அரசுக்கு அந்தச் சரக்கைக் கடையிலிருந்து எடுக்கச் சொல்லக்கூட அதிகாரம் இல்லை. 1938-ல் புதிய சட்டம் வந்தது. அதிலும் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் தலைச்சாயங்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது. உறையின் மேல் எச்சரிக்கை அச்சடித்து, முதலில் தோலில் சோதித்துப் பார்க்கும்படி சொல்லிவிட்டால் விற்றுக்கொள்ளலாம். இமைக்கும் புருவத்துக்கும் மட்டும் கூடாது.

இப்போது நம் பெட்டிக்கடையில் தொங்கும் ஹேர் டை பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும், இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, பார்வை போகலாம் என்று எறும்பு எழுத்தில் இருக்கும். பிபிடி உள்ள சாயங்களில் இந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சடிக்க வேண்டும் என்பது இந்திய அழகுசாதனப் பொருள் விதி. ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ கல்யாணத்துக்கு முந்தின நாள் பாக்கெட்டைக் கிழிக்கும் பெரியவர் படிக்காமல் போடும் அந்த வரிக்குப் பின்னால், 1933-ல் கண்ணை இழந்த ஏதோ ஓர் அமெரிக்கப் பெண் இருக்கிறார். தலைச்சாய வரலாற்றில் காசு செலவில்லாத, நிரூபிக்கப்பட்ட முதல் பாதுகாப்பு இந்தச் சோதனைதான். கிட்டத்தட்ட யாரும் செய்யாததும் இதுதான்.

பாக்கெட் என்றதும் தமிழ்நாட்டின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. ஷாம்பூவை சாஷேயில் அடைத்துக் கிராமம் வரை கொண்டுபோனவர்கள் கடலூர் சின்னிகிருஷ்ணன் குடும்பத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கிய கம்பெனிதான் பின்னால் கெவின்கேர் ஆனது. சிக் ஷாம்பூ போன அதே பாதையில் அவர்களின் இண்டிகா ஹேர் டையும் போனது. பிறகு இதே குடும்பம் சலூன் பக்கம் திரும்பியது. ரங்கநாதனின் சகோதரர் சி.கே. குமரவேல், மனைவி வீணாவோடு 2000-ல் சென்னையில் நேச்சுரல்ஸ் தொடங்கினார். கெவின்கேர் தரப்பிலிருந்து கிரீன் டிரெண்ட்ஸ் வந்தது. அதுவரை "கட்டிங், ஷேவிங்" மட்டும் இருந்த விலைப்பட்டியலில் ஹைலைட்ஸ், குளோபல் கலர், ஹேர் ஸ்பா எல்லாம் ஏறியது இந்தக் காலத்தில்தான். நரையை மறைக்கும் சந்தையோடு, கறுப்பை மறைக்கும் சந்தை சேர்ந்துகொண்டது. 2011-ல் மங்காத்தாவில் அஜித் நரையோடு வந்து கைதட்டல் வாங்கினாரே, அதனால் டை வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

சரி, காவல் விஷயத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் இருந்த காவல் தேங்காய் எண்ணெய். அதை "பாட்டி வைத்தியம்" என்று ஒதுக்கிவிட வசதியாக இருக்கும். ஆனால் 2003-ல் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரேலே, மொஹிலே இருவரும் அழகுசாதன அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். நல்ல முடி, பிளீச் செய்த முடி இரண்டிலும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். காரணமும் எளிது. அதன் பெரும்பகுதியான லாரிக் அமிலம் சின்னதாக, நேராக இருக்கும் மூலக்கூறு. அதனால் முடிக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. மற்றவை மேலே படிந்து பளபளக்கும், அவ்வளவுதான்.

மாரிக்கோ விற்பது பாராசூட் தேங்காய் எண்ணெய் என்பதை மறந்துவிடக் கூடாது. தன் சரக்கே ஜெயித்தது என்று ஒரு கம்பெனி சொன்னால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஆனால் தேங்காய் எண்ணெய் முடிக்குள் போகிறது என்பதை வெளி ஆய்வகங்களும் பிறகு உறுதி செய்தன. ஒன்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். அந்த ஆய்வு சொல்வது, எண்ணெய் வைத்த முடி அலசும்போதும் சீவும்போதும் குறைவாகப் புரதம் இழக்கிறது என்பது. எண்ணெய் தடவிவிட்டால் பெராக்சைடு உள்ளேயே போகாது என்று அது சொல்லவில்லை. கீரமங்கலம், வடகாடு தென்னந்தோப்புகளில் 2018 கஜா புயலுக்குத் தப்பிய மரங்களின் எண்ணெய்க்கும் இதே எல்லைதான்.

அடுத்து வந்தவை கண்டிஷனர், சிலிகான் சீரம், புரோட்டீன் ட்ரீட்மென்ட் வகையறா. போன கொழுப்புப் பூச்சுக்குப் பதில் ஒரு செயற்கைப் பூச்சு கொடுப்பது இவற்றின் வேலை. சிக்கு குறையும், அதனால் சீப்பில் அறுவதும் குறையும். உள்ளே அறுந்ததற்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து தடவை தலைக்குக் குளித்தால் பூச்சும் போய்விடும். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை.

உண்மையான பரபரப்பு 2014-ல். சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரெய்க் ஹாக்கர், எரிக் பிரஸ்லி என்ற இரண்டு வேதியியலாளர்களும் டீன் கிறிஸ்டல் என்ற வியாபாரியும் சேர்ந்து ஓலாப்ளெக்ஸ் என்ற பெயரில் ஒரு திரவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் கொக்கி உள்ள ஒரு மூலக்கூறு, அறுந்த கந்தக முனைகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. பிளீச்சிலேயே கலந்துவிடலாம். இதற்கு முன் வந்தவை எல்லாம் அடிபட்ட பிறகு போடும் களிம்பு என்றால், அடிபடும்போதே கூட நிற்பேன் என்றது இது.

ஓரிரு ஆண்டுகளில் எல்லாப் பெரிய கம்பெனியும் ஒரு "ப்ளெக்ஸ்" இறக்கியது. ஷ்வார்ஸ்காஃப் ஃபைபர்ப்ளெக்ஸ், வெல்லாவின் வெல்லாப்ளெக்ஸ், லோரியலின் ஸ்மார்ட்பாண்ட். லோரியல் விஷயம்தான் கோர்ட்டுக்குப் போனது. ஓலாப்ளெக்ஸை வாங்குவது பற்றி 2015-ல் இரு தரப்பும் பேசியிருந்தன. பேச்சு முறிந்தது. பிறகு லோரியல் தன் சொந்தச் சரக்கோடு வந்தது. பேச்சுவார்த்தையில் பார்த்த ரகசியத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று ஓலாப்ளெக்ஸ் வழக்குப் போட்டது. 2018-ல் லண்டன் உயர்நீதிமன்றம், ஸ்மார்ட்பாண்ட் காப்புரிமையை மீறுகிறது என்றது. 2019-ல் அமெரிக்காவின் டெலவேரில் ஜூரி சுமார் 9.1 கோடி டாலர் நஷ்டஈடு சொன்னது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வர்த்தக ரகசியம் தொடர்பான பகுதியையே தலைகீழாக்கிவிட்டது. "தீங்கற்ற" என்று பெயர் வைத்துத் தொடங்கிய கம்பெனி, நூற்றுப்பத்து வருடம் கழித்துத் தீங்கைத் தடுக்கும் திரவத்துக்காகக் கோர்ட்டில் நின்றது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2020 ஜனவரியில் அட்வென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் ஓலாப்ளெக்ஸை வாங்கியது சுமார் 140 கோடி டாலருக்கு. 2021 செப்டம்பரில் பங்கு 21 டாலர் விலையில் நாஸ்டாக் வந்தது. 2023 பிப்ரவரியில், முடி கொட்டியது என்று சில பெண்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனி அதை மறுத்தது. ஆனால் போட்டியும் விற்பனைச் சரிவும் ஏற்கனவே சேர்ந்திருந்தன. 2024-ல் அதே பங்கு 3 டாலருக்கும் கீழே. சாயம் வெளுப்பது என்று சொல்வார்களே, அது இதுதான் :)

அப்படியென்றால் அது ஏமாற்றா? இல்லை. பிளீச்சோடு இதைக் கலந்தால் முடி குறைவாக அறுகிறது என்று ஸ்டைலிஸ்டுகள் பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் விளம்பரம் சொன்ன மாதிரி "அறுந்ததைத் தைப்பதால்" தானா என்பதில் வேதியியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்தக் கலவைகளில் உள்ள மலேயிக் அமில வகைப் பொருட்கள் காரத்தன்மையைக் குறைப்பதாலும், முடியில் ஒட்டியிருக்கும் உலோகங்களைப் பிடித்துக்கொள்வதாலும் பலன் வரலாம் என்பது இன்னொரு கட்சி.

இந்த உலோக விஷயம் நம் ஊருக்கு முக்கியம். குளிக்கும் தண்ணீரில் உள்ள செம்பு, இரும்பு துளித்துளியாக முடியில் ஏறி நிற்கும். அவற்றின் மேல் பெராக்சைடு படும்போது, மெலனினை விட்டுவிட்டுக் கெரட்டினைத் தாக்கும் மூர்க்கமான துகள்கள் உண்டாகின்றன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் புதுக்கோட்டை. தலைக்குக் குளிப்பதற்குப் பாதிப் பேர் நம்புவது போர்வெல்லை. இங்கே பிளீச்சுக்கு முன்னால் உலோகத்தை நீக்கும் ஷாம்பூவால் தலையை அலசுவது, விலை உயர்ந்த பாட்டிலுக்குச் சமமான காவல் ஆகலாம். அதைச் செய்யும் சலூன்களோ குறைவு. விளம்பரப்படுத்த அதில் கவர்ச்சி இல்லை.

இன்னொரு காவலும் உண்டு. அது பொறுமை. அதைப் பார்க்க சலூனுக்குப் போகக் கூடாது, விக் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். விராலிமலை, பழனி, திருப்பதி என்று நேர்த்திக்கடனாக இறக்கும் முடிக்கு வெளிநாட்டில் கிராக்கி அதிகம். சாயமே படாத, எண்ணெய் வைத்து வளர்ந்த, செதில் சேதமில்லாத முடி என்பதுதான் காரணம். அடர்கறுப்பான அந்த முடியை ஐரோப்பியத் தலைகளுக்கு ஏற்பப் பொன்னிறமாக்க வேண்டும். இத்தாலியின் கிரேட் லெங்த்ஸ் போன்ற நிறுவனங்கள் அதை வலு குறைந்த கரைசலில் நாட்கணக்கில் ஊறவைத்து மெல்ல மெல்ல நிறமியை எடுக்கின்றன. சலூனில் 45 நிமிடத்தில் செய்வதை அங்கே நிதானமாகச் செய்கிறார்கள். சேதம் குறைவு. வாடிக்கையாளர் நாற்காலியில் அத்தனை நாள் உட்கார முடியாது என்பதால்தான் பாட்டில்கள் தேவைப்படுகின்றன. ஒருவகையில் எல்லா "ப்ளெக்ஸ்" சரக்கும் அவசரத்துக்குக் கட்டும் அபராதம். இதில் வேடிக்கை, ஓலாப்ளெக்ஸ் கலந்தால் வெளுப்பு மந்தமாகலாம், அதனால் ஒரு படி வலுவான டெவலப்பர் எடுக்கலாம் என்று ஸ்டைலிஸ்டுகளுக்கு யோசனை சொல்லப்பட்டதுதான்!

இத்தனை காவலும் முடிக்கு. அதாவது உயிரில்லாத பொருளுக்கு. அதைத் தொட்டு வேலை செய்யும் உயிருள்ள கைக்கு?

பிளீச் தூளில் உள்ள பர்சல்பேட், முடிதிருத்துநர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமாவைக் கொண்டுவரும் காரணிகளில் முக்கியமானது. தூளைக் கிண்ணத்தில் தட்டும்போது எழும்பும் புகைதான் வில்லன். பிபிடியோ கையில் ஒவ்வாமைப் புண்ணைக் கொண்டுவருவது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கத் தொட முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை கலர் போடும் வாடிக்கையாளருக்கு இது சின்ன ஆபத்து. ஒரு நாளைக்கு நாலு தலைக்குக் கலக்குபவருக்கு இது பிழைப்பு.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலை வழிவழியாகச் செய்தவர்களுக்கு மருத்துவர் என்று பெயர். காரணப் பெயர்தான். சவரத்தோடு புண்ணுக்கு மருந்து போடுவது, கட்டி அறுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். கூலி, அறுவடைக் களத்தில் அளக்கும் நெல். அடுத்தவர் உடம்பைப் பார்த்துக்கொண்ட அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளும், அவர்களோடு இப்போது வேலைக்கு வந்திருக்கும் வெளி மாநிலத்துப் பிள்ளைகளும், ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் பர்சல்பேட் தூளோடு நாள் முழுக்க நிற்கிறார்கள். தூசி பறக்காத பிளீச் தூள் சந்தையில் இருக்கிறது. நைட்ரைல் கையுறை இருக்கிறது. இரண்டும் ஒரு பாண்ட் பில்டர் பாட்டிலைவிட மலிவு.

வீட்டுக்கு வாங்கும் கலர் டப்பாவைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை மடித்து வைத்திருப்பார்கள். சலூனுக்கு வரும் ஒரு லிட்டர் டெவலப்பர் பாட்டிலோடு அது வருவதில்லை. நூறு கையுறை உள்ள பெட்டியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அந்தச் செலவு பில்லில் எந்த வரியிலும் ஏறாது.